கொழுந்துத் தராசும் பிள்ளைத் தராசும்

தோட்டத்தில் இரண்டு தராசுகள் இருக்கின்றன. ஒன்று கொழுந்து நிறுக்கும் தராசு. மற்றது பிள்ளை மடுவத்தில், நாம் புள்ளைக்காம்பிரா என்று சொல்லும் இடத்தில், மாதத்துக்கு ஒருமுறை குழந்தைகளை நிறுக்கும் தராசு. முதலாவது தராசைச் சுற்றி எப்போதும் கூட்டம்தான். கணக்கப்பிள்ளை எழுதும் எண்ணை எட்டிப் பார்க்காத பெண் இல்லை. ஈரத்துக்கு என்றும் சாக்குக்கு என்றும் கூடுதலாக ஒரு கிலோ கழித்தால் அந்த இடத்திலேயே சத்தம் எழும். மறுநாள் தோட்டத் தலைவர் நிர்வாகத்திடம் போவார். தேவைப்பட்டால் வேலையும் நிற்கும்.

இரண்டாவது தராசில் ஒரு குழந்தையின் நிறை மூன்று மாதமாக ஏறாமல் நின்றால் யார் சத்தம் போடுகிறார்கள்? மருத்துவமாது புத்தகத்தில் ஒரு புள்ளி வைக்கிறார். தாய் அந்தப் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி, பெட்டிக்குள் அடையாள அட்டையோடு வைக்கிறாள். அத்தோடு முடிந்தது.

இந்த இதழில் நாம் அந்த இரண்டாவது தராசைப் பற்றிப் பேசுகிறோம். சம்பளம், வீடு, காணி என்று பேச எவ்வளவோ இருக்கும்போது இது சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்கலாம். சம்பளமும், லயத்தின் தண்ணீரும், தாயின் வேலைநேரமும், மடுவத்துச் சாப்பாடும் சேர்ந்து வரையும் கோடுதான் ஒரு பிள்ளையின் வளர்ச்சிக் கோடு. அதனால் அது சங்கத்தின் வேலைதான். இவ்வளவு காலம் அதை நாம் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுபோகாதது நம்முடைய குறை. அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

முதலில் நம் மத்தியில் ஊறிப்போன ஒரு பேச்சைத் தீர்த்துக்கொள்வோம். "நம்ம பரம்பரையே குட்டைதான், அப்பனும் குட்டை, ஆயியும் குட்டை, புள்ளை மட்டும் எப்படி வளரும்?" என்று நாமே சொல்கிறோம். நிர்வாகத்திலும் சில அலுவலகங்களிலும் இதையே வேறு மொழியில் சொல்கிறார்கள். இது உண்மையானால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பிறப்பின் மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் இது உண்மையல்ல. கிளினிக் புத்தகத்தில் பச்சை, செம்மஞ்சள், சிவப்பு நிறப் பட்டைகளோடு அச்சிடப்பட்டிருக்கும் வளைகோடுகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் இது புரியும். உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு இடங்களில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தது. பிரேசிலில் பெலோட்டாஸ், கானாவில் அக்ரா, இந்தியாவில் டில்லி, நோர்வேயில் ஒஸ்லோ, ஓமானில் மஸ்கட், அமெரிக்காவில் டேவிஸ் ஆகியவை அந்த இடங்கள். வளர்ச்சிக்குத் தடையில்லாத வீடுகளில் பிறந்த, தாய்ப்பால் குடித்த, புகைபிடிக்காத தாய்மாரின் பிள்ளைகளையே தெரிவு செய்தார்கள். அந்த அளவுகளிலிருந்து 2006இல் வளர்ச்சி நியமங்கள் வெளிவந்தன. அதற்கு முன் உலகம் பயன்படுத்திய கோடுகள் அமெரிக்கப் பிள்ளைகளை மட்டும் அளந்து வரைந்தவை. அவர்களில் பலர் புட்டிப்பால் குடித்தவர்கள்.

இந்த ஆய்வு கண்ட முக்கியமான உண்மை ஒன்று உண்டு. கறுப்பர், வெள்ளையர், அரபியர், இந்தியர் என்று ஆறு இடத்துப் பிள்ளைகளும் முதல் ஐந்து வருடத்தில் ஏறத்தாழ ஒரே அளவில் உயர்ந்தார்கள். உயரத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் 100க்கு சுமார் 3 பங்குதான் நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாடு. மிகப் பெரும் பங்கு ஒரே ஊருக்குள் பிள்ளைக்குப் பிள்ளை உள்ள வேறுபாடு. டில்லியில் வயிறு நிறைந்த வீட்டுப் பிள்ளையும் ஒஸ்லோவில் வயிறு நிறைந்த வீட்டுப் பிள்ளையும் தோளோடு தோள் நிற்கும் என்றால், பதுளையிலும் பொகவந்தலாவையிலும் பிறந்த பிள்ளை மட்டும் ஏன் பின்தங்க வேண்டும்?

நல்ல உணவும் சுகமும் உள்ள சமூகத்திலும் இயல்பாகவே குட்டையான சில பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் எத்தனை பேர் என்பதும் கணக்கில் உண்டு. நடுக்கோட்டுக்கு இரண்டு நியமவிலகல் கீழே ஒரு கோடு போடுகிறார்கள். இரண்டு வயதுப் பெண்குழந்தையைப் படுக்கவைத்து அளந்தால் நடுக்கோடு சுமார் 86 சென்றிமீற்றர், அந்தக் கீழ்க்கோடு 80 சென்றிமீற்றர். வளர்ச்சிக்குக் குறையில்லாத சமூகத்தில் 100 பிள்ளைகளில் 2 பேர் அளவில்தான் கீழ்க்கோட்டுக்குக் கீழே இருப்பார்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2016இல் நடத்திய குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பெருந்தோட்டப் பிள்ளைகளில் அப்படிக் கீழே இருந்தவர்கள் 31.7 சதவீதம். நகரத்தில் 14.7. கிராமத்தில் 17.0.

ஒரு வீட்டில் ஒரு பிள்ளை குட்டையாக இருந்தால் அது பரம்பரையாக இருக்கலாம். 100க்கு 2 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 31 பேர் இருந்தால் அது பரம்பரை அல்ல. தாய் குட்டையாக இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1973, 74 பஞ்ச காலத்தில் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்ததை நம் மூத்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. அந்த வருடங்களில் பிறந்த பெண்குழந்தைகள் இன்று பாட்டிமார். பசியோடு வளர்ந்த பெண் சிறிய உடலோடு தாயாகிறாள். சிறிய உடலுள்ள தாய் சிறிய குழந்தையைப் பெறுகிறாள். நாம் பரம்பரை என்று சொல்வது பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய பசிதான்.

இன்னொரு விடயம் சராசரி. முழு நாட்டுக்கும் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் வீதம் 2006/07 ஆய்விலும் 17.3, பத்து வருடம் கழித்து 2016 ஆய்விலும் 17.3. இதை மட்டும் பார்க்கிறவர் ஒன்றும் மாறவில்லை என்பார். ஆனால் தோட்டங்களில் அது 40.2இலிருந்து 31.7ஆக இறங்கியிருந்தது. நாம் தொகையில் சிறியவர்கள் என்பதால் நம்முடைய முன்னேற்றமும் அந்தச் சராசரியில் தெரியவில்லை, மிச்சமிருக்கும் துன்பமும் தெரியவில்லை. அதோடு 2016க்குப் பின் என்ன நடந்தது என்பதையும் மறக்கக்கூடாது. 2022இல் கோதுமை மாவும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போனதும், திரிபோஷ கிடைக்காமல் தாய்மார் வெறுங்கையோடு திரும்பியதும் அந்த 31.7க்குள் இல்லை.

இனி அந்தப் புத்தகத்தில் உள்ள புள்ளிகளை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். கொழுந்து எடுக்கும் நமக்கு இது கடினமான பாடம் அல்ல. கவ்வாத்து வெட்டிய மலையையும் வெட்டாத மலையையும் ஒரே நாள் கிலோவை வைத்து ஒப்பிட முடியுமா? முடியாது. எப்போது வெட்டியது, எப்போது உரம் போட்டது, மழை எப்படி என்று மாதக்கணக்கில் பார்த்துத்தான் ஒரு மலை தேறுகிறதா தேய்கிறதா என்று சொல்லலாம். பிள்ளையும் அப்படித்தான். ஒரு நாள் நிறை ஒரு புள்ளி மட்டும். பல மாதத்துப் புள்ளிகளைச் சேர்த்தால்தான் கோடு வரும்.

ஒரு கணக்குக்கு இரண்டு பெண்குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் இன்று ஒன்றரை வயது. இருவரும் 8.2 கிலோ. இந்த வயதுக்கு நடுக்கோடு 10 கிலோவுக்குச் சற்று மேல், எனவே இருவரும் குறைவுதான். ஆனால் முதலாவது பிள்ளை பிறக்கும்போது 2.4 கிலோ, ஆறு மாதத்தில் 5.7, ஒரு வயதில் 7.0, இப்போது 8.2. சிறியதாகத் தொடங்கித் தன் பாதையில் விடாமல் ஏறிவருகிறது. இரண்டாவது பிள்ளை பிறக்கும்போது 3.2 கிலோ, ஆறு மாதத்தில் 7.3, ஒரு வயதில் 8.2, இப்போதும் 8.2. ஆறு மாதமாக ஒரு கிராம் ஏறவில்லை. இன்றைய எண் ஒன்றேயானாலும் கதை இரண்டு. முதலாவது குழந்தைக்காகத் தாயின் கர்ப்பகாலத்தைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும். இரண்டாவது குழந்தையை இந்த வாரமே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

புள்ளிவிபரவியலாளர்கள் பெரிய அளவில் செய்வதும் இதைத்தான். ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப அளந்து, மொத்தக் கூட்டத்துக்கும் ஒரு கோடு, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதிலிருந்து விலகும் சொந்தக் கோடு என்று கணிக்கிறார்கள். இதை அவர்கள் மாதிரியுரு என்பார்கள். ஒரு பிள்ளை தொடங்கிய இடம் வேறு, அது வளரும் வேகம் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் எந்த மாதத்தில் கோடு சரியத் தொடங்குகிறது, அந்த மாதத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்க முடியும்.

இப்படிப் பார்த்தவர்கள் கண்டது என்ன? 54 நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து 2010இல் வெளிவந்த கணிப்பு ஒன்று, வறிய நாடுகளில் பிள்ளைகளின் கோடு பிறந்த சில மாதங்களிலேயே சரியத் தொடங்கி இரண்டு வயது வரை சரிகிறது என்று காட்டியது. அதனால்தான் கர்ப்பத்தின் 270 நாள், முதல் வயது 365, இரண்டாம் வயது 365 என்று கூட்டி "முதல் 1,000 நாட்கள்" என்கிறார்கள். பாடசாலையில் கொடுக்கும் சாப்பாடு நல்லதுதான். ஆனால் உயரத்தைப் பொறுத்தவரை அதற்குள் பெரும்பகுதி நேரம் கடந்துவிடுகிறது.

அந்த 1,000 நாளில் முதல் 270 நாள் தாயின் வயிற்றுக்குள். தோட்டத்தில் அந்த நாட்கள் எங்கே கழிகின்றன? செங்குத்தான மலையில், முதுகில் கூடையோடு, மழையிலும் அட்டைக் கடியிலும். கர்ப்பவதியின் பதிவேட்டிலும் ஒரு வளைகோடு இருக்கிறது. மருத்துவமாது நாடாவால் வயிற்றின் உயரத்தை அளந்து அதில் புள்ளி வைப்பது வயிற்றுக்குள் பிள்ளை வளர்கிறதா என்று அறியத்தான். பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் குறைந்தால் நிறை குறைந்த பிள்ளை என்று எழுதுகிறார்கள். ஆனால் 36 வாரத்தில் அவசரப்பட்டுப் பிறந்த 2.4 கிலோ வேறு. 40 வாரம் முழுவதும் வயிற்றில் இருந்தும் 2.4 கிலோவோடு பிறப்பது வேறு. பின்னதில் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே பட்டினி கிடந்திருக்கலாம். இதைப் பிரித்தறிய, கர்ப்பம் எத்தனை வாரம் என்று சரியாகத் தெரிய வேண்டும். ஆகவே நாள் தள்ளிப்போனதும் உடனே பதிய வேண்டும். வயிற்றுக்குள் வளரும் பிள்ளைக்கும் எட்டு நாடுகளில் தாய்மாரை ஸ்கேன் செய்து 2014இல் நியமங்கள் வெளியிட்டார்கள். அந்த எட்டு இடங்களில் இந்தியாவின் நாக்பூரும் ஒன்று. இங்கும் கண்டது அதேதான்: தாய்க்குக் குறையில்லாவிட்டால் எந்த நாட்டிலும் சிசு ஏறத்தாழ ஒரே மாதிரி வளர்கிறது.

அடுத்து, பிறந்த பின். 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நலன்கள் கட்டளைச் சட்டம் நம் தாய்மாருக்கு 84 நாள் விடுமுறை தருகிறது. முன்பு மூன்றாவது பிள்ளைக்கு அதில் பாதிதான். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் எல்லாப் பிள்ளைக்கும் 84 நாள். ஆனால் 84 நாள் என்பது 12 வாரம், மூன்று மாதத்துக்கும் குறைவு. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று அதே அரசாங்கத்தின் கிளினிக் சொல்கிறது. அரசாங்க ஊழியரான தாய்க்கு 84 நாளுக்குப் பின்னும் அரைச் சம்பளத்தோடும் சம்பளமின்றியும் விடுமுறையை நீட்ட வழி உண்டு. மலைக்குப் போகும் தாய்க்கு இல்லை. பிள்ளையின் கோடு சரியத் தொடங்கும் மாதமும் தாய் கூடையைத் திரும்பத் தூக்கும் மாதமும் ஒன்றாக வருகின்றன. இரண்டும் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் கேள்வி கேட்க இதைவிட நல்ல இடம் வேறில்லை.

தண்ணீரையும் மறக்க வேண்டாம். தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, 2009 முதல் நடந்த எட்டு நாட்டு ஆய்வொன்றில் பங்குபற்றி, வேலூரின் வறிய குடியிருப்புகளில் பிறந்த சுமார் 250 குழந்தைகளைப் பிறந்த நாள் முதல் வீடு தேடிப் போய்ப் பின்தொடர்ந்தது. எட்டு நாடுகளையும் சேர்த்துக் கணித்தபோது ஒன்று தெளிவானது. வயிற்றோட்டம் வந்த பிள்ளை மட்டும் பின்தங்கவில்லை. வயிற்றோட்டமே இல்லாமல் குடலில் கிருமி தங்கியிருந்த பிள்ளைகளும் உயரத்தில் பின்தங்கினார்கள். பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று நாம் நினைக்கும்போதே, பீலித்தண்ணீரும் நிறைந்து வழியும் மலசலகூடமும் அதன் வளர்ச்சியைத் தின்றுகொண்டிருக்கலாம். தாய் எவ்வளவுதான் ஊட்டினாலும் கிருமி பங்கு கேட்கிறது.

இதெல்லாம் சரி, குட்டையாக இருந்தால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு குவாத்தமாலாவின் கதையைச் சொல்வோம். அங்கே 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் ஒரு ஆய்வு நடந்தது. இரண்டு கிராமத்தில் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் புரதச்சத்துள்ள கஞ்சி. மற்ற இரண்டில் புரதமில்லாத இனிப்புப் பானம். அந்தப் பிள்ளைகளை விடாமல் தேடிப் பிடித்து, அவர்கள் உழைக்கும் வயதுக்கு வந்தபின் சம்பளத்தைக் கேட்டார்கள். பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை கஞ்சி கிடைத்த ஆண்களின் மணித்தியாலச் சம்பளம் சராசரியில் 46 சதவீதம் கூடுதலாக இருந்தது. மூன்று வயதுக்குப் பின் கிடைத்த கஞ்சி அந்த வித்தியாசத்தைத் தரவில்லை. பெண்களின் சம்பளத்தில் வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் கஞ்சி குடித்து வளர்ந்த பெண்கள் பெற்ற பிள்ளைகளும் நிறையில் கூடிப் பிறந்தார்கள். 2021 மார்ச்சில் 1,000 ரூபாய் நாட்சம்பளத்தைப் பெற நாம் எத்தனை வருடம் போராடினோம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு குழந்தையின் வயிற்றில் முதல் இரண்டு வருடத்தில் விழும் பருப்பும் முட்டையும் அதன் நாளைய சம்பளப் போராட்டத்தின் முதல் படி.

அந்தப் புள்ளிகளை மருத்துவமாது சும்மா வைக்கவில்லை என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. இங்கிலாந்தின் ஹேர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் மருத்துவமாதரும் வீடு தேடிச் செல்லும் தாதியரும் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு நிறையையும் ஒரு வயது நிறையையும் பேரேட்டில் எழுதிவைத்தார்கள். எழுபது வருடத்துக்கு மேல் கடந்து டேவிட் பார்க்கர் என்ற வைத்தியரின் குழு அந்தப் பேரேடுகளைக் கண்டெடுத்தது. ஒரு வயதில் நிறை குறைந்திருந்த ஆண்களே பிற்காலத்தில் இருதய நோயால் அதிகம் இறந்தார்கள் என்று 1989இல் அவர்கள் வெளியிட்டார்கள். நீரிழிவுக்கும் அப்படியொரு தொடர்பு பின்னர் தெரிந்தது. ஒரு தாதி மழையில் நனைந்து போய் எழுதிய எண் அரை நூற்றாண்டு கழித்துச் சாட்சி சொன்னது. இலங்கையிலும் 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல் மருத்துவமாதர் வீடு வீடாகப் போகிறார்கள். அந்தச் சேவை தோட்டத்து லயங்களுக்கு முழுமையாக வந்துசேரத்தான் பல பத்தாண்டுகள் தாமதமானது.

அளக்கப்படும் பிள்ளையைப் பற்றி இவ்வளவு சொன்னோம். அளக்கப்படாத பிள்ளை என்ன ஆகிறது? கிளினிக் நாளில் தாய் மலையில் நின்றால் பிள்ளை வராது. வந்தால் அரைப்பேர். அரைப்பேருக்குப் பயந்து நிற்கும் வீடு பெரும்பாலும் மிக இல்லாத வீடு. ஆகவே வந்த பிள்ளைகளை மட்டும் வைத்துப் போடும் சராசரி, உண்மையை விட அழகாகத் தெரியும். கணக்கில் வராத பிள்ளைகளே கணக்கை மிக அதிகம் மாற்றக்கூடியவர்கள்.

நாம் கொழும்பிலிருந்து எழுதுவதால் இது எமக்கு இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே எழுந்திருக்கும் மாடி வீடுகளில் சமைத்து, துடைத்து, பிறர் பிள்ளைக்குச் சோறூட்டும் பெண்களில் பலர் மலையகத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய சொந்தப் பிள்ளை லயத்தில் பாட்டியிடம் வளர்கிறது. இங்கே அந்த வீட்டுப் பிள்ளையின் கிளினிக் திகதி அவர்களுக்கு மனப்பாடம். தன் பிள்ளை கடைசியாக எத்தனை கிலோ என்று கேட்டால் தொலைபேசியில் பாட்டியைக் கேட்க வேண்டும். பாட்டிக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியாது. கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் "தோட்டம்" என்றால் ஒரே குழாயை நம்பி நெருக்கியடித்து நிற்கும் வீடுகள். கடைகளில் வேலை செய்ய வந்து, மணமுடித்து, அங்கே குடியேறிய நம் இளைஞர்கள் பலர். அவர்கள் பிள்ளை நகரச் சராசரியான 14.7க்குள் சேர்க்கப்படுகிறது. அதே சராசரிக்குள் மாடி வீட்டுப் பிள்ளையும் இருக்கிறது. தோட்டத்திலும் "தோட்டத்திலும்" சராசரி நம்மை மறைக்கத்தான் செய்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தக் கோடு தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கோடாக மாறக்கூடாது. "ஏன் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கவில்லை?" என்று எல்லோர் முன்னிலையிலும் திட்டு வாங்கிய தாய் அடுத்த மாதம் வரமாட்டாள். காலை ஏழரைக்கு மலை ஏறி மாலையில் இறங்குபவளிடம் ஒரு நாளைக்கு ஐந்து தடவை ஊட்டு என்று சொல்வது சுலபம். யார் ஊட்டுவது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியது அவள் மட்டும் அல்ல. பிள்ளையின் பெயரும் நிறையும் வீட்டுக்கும் மருத்துவமாதுக்கும் உரியவை. வெளியே வர வேண்டியது பெயரில்லாத மொத்தக் கணக்கு மட்டுமே.

ஆகவே நாம் கேட்பவை இவை.

பெருந்தோட்டக் கம்பனிகளிடம்: கர்ப்பம் பதிந்த நாள் முதல் செங்குத்து மலையும் பாரமும் இல்லாத வேலை, கிலோ குறைந்தாலும் முழுப்பேர். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு நாளில் இரண்டு முறை பால் கொடுக்கும் நேரம் சட்டத்தில் இருக்கிறது. மடுவம் உள்ள இடத்தில் ஒவ்வொரு முறையும் 30 நிமிடம், இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலம். இது சலுகையல்ல, கழிக்கக்கூடாத நேரம். மடுவத்தில் தினமும் பருப்பு, முட்டை அல்லது மீன், கீரையோடு சமைத்த ஒருவேளைச் சாப்பாடு. பழுதில்லாத தராசும் உயரம் அளக்கும் பலகையும். கிளினிக் நாளில் தாய்க்கு முழுப்பேர்.

அரசாங்கத்திடம்: ஒவ்வொரு தோட்டத்துக்கும் தமிழ் பேசும் மருத்துவமாது. தாயின் கர்ப்பப் பதிவேடும் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடும் ஒரே கணக்காகத் தொடர வேண்டும். இன்று ஒன்று முடியும் இடத்தில் மற்றது தொடங்குகிறது, நடுவில் காரணம் தொலைந்துபோகிறது. தோட்டவாரியாக, பெயரின்றி, வருடந்தோறும் வளர்ச்சி விபரங்களை வெளியிட வேண்டும். நாட்டின் சராசரியைக் காட்டி எம்மைத் திருப்பி அனுப்ப வேண்டாம். திரிபோஷ தடையின்றி வர வேண்டும். லயங்களுக்குச் சுத்தமான தண்ணீரும் மலசலகூடமும் பிள்ளை போசாக்கின் ஒரு பகுதியாகவே கணக்கிடப்பட வேண்டும்.

கொழும்பில் நம் பெண்களை வேலைக்கு வைத்திருக்கும் குடும்பங்களிடம்: மாதத்தில் அவள் பிள்ளையின் கிளினிக் நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுங்கள். உங்கள் பிள்ளையை வளர்க்கும் கைக்கு அது பெரிய கேள்வி அல்ல.

நம்மிடம்: ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மாதர் பிரிவுத் தலைவியின் பொறுப்பில் நிறுவை நாள் கணக்கொன்றை வைத்திருக்க வேண்டும். எத்தனை பிள்ளைகள் வர வேண்டும், எத்தனை வந்தன, எத்தனை பேருக்கு ஏறவில்லை. மூன்றே எண்கள். பெயர் வேண்டாம். அடுத்த பேச்சுவார்த்தைக்கு நம் தலைவர்கள் சம்பளக் கணக்கோடு இந்த மூன்று எண்களையும் கொண்டுபோவார்கள்.

வீட்டில் அப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. புத்தகத்தை நீங்களும் விரித்துப் பாருங்கள். மருத்துவமாதிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: போன மாதத்தை விட எவ்வளவு ஏறியது? உயரம் எப்போது அளந்தீர்கள்? கோடு மேலே போகிறதா, நிற்கிறதா? ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன்பின் சோற்றோடு பருப்பு, முட்டை, நெத்தலி, கீரை. சிறுபிள்ளைக்குச் சாயத்தண்ணி வேண்டாம், கர்ப்பவதிக்குச் சாப்பாட்டோடு வேண்டாம். சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேராமல் தேயிலைச்சாயம் தடுக்கும். உலகத்துக்கே தேயிலை கொடுக்கும் நாம் நம் பிள்ளையின் இரத்தத்தை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.

கொழுந்துத் தராசில் ஒரு கிலோ குறைந்தால் கேட்கத் தெரிந்த மக்கள் நாம். பிள்ளைத் தராசின் முன்னும் அதே கூட்டம் நிற்கட்டும். அடுத்த நிறுவை நாளில் முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பாருங்கள். நிற்கக்கூடாத இடத்தில் நின்றால் வாய் திறந்து கேளுங்கள். சங்கம் உங்களோடு நிற்கும்.